ராட்டினம் பளுவைக் குறைக்குமா?

(கோலார் தங்கவயலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கற்போர் மையம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசியது)

 

மேஜை மேல் இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள். காலி நூல் ரீல், தண்ணீர் பாட்டில், சைக்கிள் கம்பி, தீப்பெட்டி, உடைந்த ஸ்கேல். "இந்தப் பொண்ணு பேச வந்துச்சா, பழைய சாமான் எடைக்குப் போட வந்துச்சா?" என்று அங்கே ஒரு பாட்டி கேட்டது என் காதில் விழுந்தது. பேசத்தான் வந்தேன் பாட்டி. ஆனால் இந்தச் சாமான்கள் இல்லாமல் எனக்குப் பேச வராது.

நான் பத்தாவது வரை படித்தவள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நானும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் லைனில் இருக்கும் மையத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே நடந்ததை இங்கே வந்து சொல்லச் சொன்னார்கள். அதில் முதல் விஷயம், நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருடம் ஒரு நாள் "எளிய இயந்திரங்கள்" என்று பாடம். பெரியவர்களோடு சில பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'கிணற்றுக் கப்பி ஓர் எளிய இயந்திரம். அது பளுவைக் குறைக்கும்.' எல்லாரும் பார்த்து எழுதினார்கள். பள்ளியில் இதே வரியை எழுதி நான் மார்க்கு வாங்கியிருக்கிறேன்.

அப்போது வாசற்படியில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். பேத்தியைக் கூட்டிப் போக வந்தவர். வகுப்புக்குள் வரமாட்டார். "பொம்பளைங்க படிக்கிற எடம், எனக்கு எதுக்கு?" என்பார். பேத்தி அந்த வரியைச் சத்தமாகப் படித்ததும் அவர் அங்கிருந்தே கேட்டார்:

"ஏம்மா, கெணத்து ராட்டினம் எங்கம்மா பளுவைக் கொறைக்குது? இழுக்கிற தெசையை இல்ல மாத்துது?"

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். எழுத்துத் தெரியாதவர் என் பாடத்தைத் திருத்துகிறாரே என்று நினைத்தேன். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு தாத்தா" என்றேன். புத்தகத்தில் அப்படி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புத்தகம் இரண்டு வகைக் கப்பியைப் பற்றிச் சொல்லியிருந்தது. நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மனப்பாடம் செய்திருந்தேன்.

தாத்தா வாதம் செய்யவில்லை. "ஒரு ரீலு கொண்டா, பாத்துடலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு அதைச் செய்தோம். இதோ, இப்போது உங்களுக்கும் செய்து காட்டுகிறேன். தையற்காரர் தூக்கிப் போட்ட நூல் ரீல் இது. நடு ஓட்டையில் சைக்கிள் கம்பி. கம்பியின் இரண்டு முனையையும் வளைத்து, இந்த மூங்கிலில் தொங்க விட்டிருக்கிறேன். ரீல் நன்றாகச் சுற்றுகிறது பாருங்கள். இதுதான் நம் ராட்டினம். மேலே ஒரே இடத்தில் நிற்பதால் இதற்கு நிலையான கப்பி என்று பெயர்.

இதன் மேல் ஒரு கயிறு. ஒரு பக்கம் ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர். நம்மிடம் எடைக்கல் கிடையாது, ஆனால் தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அரை லிட்டர் அரைக் கிலோ. தண்ணீர் லாரி வராத வாரத்தில் அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மறுபக்கம் ஒரு காலி பாட்டில். அதில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றுகிறோம். எவ்வளவு ஊற்றினால் அந்தப் பக்கத்துப் பாட்டில் மேலே வரும்? அன்று கையைத் தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் பேர் "அரை பாட்டில்" என்றார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

அரை பாட்டில் ஊற்றினோம். அசையவில்லை. முக்கால். அசையவில்லை. கழுத்து வரை நிரப்பினோம். இரண்டும் சமமாக நின்றன. விரலால் லேசாகத் தட்டியதும் ஒன்று இறங்க, மற்றது ஏறியது. ஒரு கிலோவைத் தூக்க ஒரு கிலோ. ராட்டினம் ஒரு குண்டுமணி எடையைக்கூடக் குறைக்கவில்லை. நான் போய்ப் பலகையில் எழுதினதை அழித்தேன்.

"அப்போ எதுக்கு ராட்டினம் போடறாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பதிலும் அங்கே இருந்த ஒரு பாட்டியே சொன்னார். குடத்தை நேராக மேலே தூக்கினால் முதுகும் தோளும்தான் இழுக்க வேண்டும். ராட்டினம் இருந்தால் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கிறோம், நம் உடம்பின் கனமும் சேர்ந்து இழுக்கிறது. குடியாத்தம் பக்கம் அவர்கள் ஊரில் கமலை இறைக்கும்போது மாடுகளைச் சரிவில் இறங்கித்தான் நடக்க விடுவார்களாம். அதுவும் இதே வித்தைதான். மாட்டின் கனமும் சேர்ந்து சாலை இழுக்கும்.

சரி, இரண்டாவது கப்பி. இதில்தான் விஷயம் இருக்கிறது.

கயிற்றின் ஒரு முனையை மூங்கிலில் கட்டிவிட்டேன். கயிறு கீழே தொங்குகிறது. அதன் வளைவில் இன்னொரு ரீலை உட்கார வைக்கிறேன். லிட்டர் பாட்டிலை இந்த ரீலில் தொங்க விடுகிறேன். கயிறு இந்த ரீலுக்கு அடியில் போய், மேலே ஏறி, முதல் ரீலைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்குகிறது. பாட்டிலோடு சேர்ந்து இந்த ரீலும் மேலே ஏறும், கீழே இறங்கும். அதனால் இது நகரும் கப்பி.

இப்போது மறுபக்கம் தண்ணீர் ஊற்றுங்கள். அன்று அரை பாட்டிலைத் தாண்டி இரண்டு விரல் ஊற்றியதும் முழு பாட்டில் மேலே கிளம்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கம்பியில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டோம். அப்புறம் அந்த இரண்டு விரல் ஒரு விரலாகக் குறைந்தது.

ஏன் பாதி? பாட்டிலைத் தாங்குவது இப்போது ஒரு கயிறு இல்லை, இந்த ரீலின் இரண்டு பக்கமும் இரண்டு கயிறு. ஒன்றின் பாரத்தை மூங்கில் தாங்குகிறது. மற்றதன் பாரம்தான் நமக்கு. இரண்டு பேர் சேர்ந்து ஒரு அண்டாவைத் தூக்கினால் ஆளுக்குப் பாதிதானே, அது மாதிரி.

எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது, கடைசி வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்தார். அவர் இட்லி வண்டி வைத்திருக்கிறார். மூன்று மாதம் வகுப்புக்கு வந்து, "எனக்குப் படிப்பு ஏறாது" என்று நின்றுவிட்டவர். அன்று ரீல் வேடிக்கை பார்க்க மட்டும் வந்திருந்தார்.

"பாட்டில் ஒரு சாண் ஏறிச்சு. இந்தப் பக்கம் எத்தனை சாண் எறங்கிச்சு?" என்று கேட்டார்.

நாங்கள் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. சாணால் அளந்தோம். இரண்டு சாண்! மறுபடி செய்தோம். பாட்டில் ஒரு முழம் ஏற, கயிறு இரண்டு முழம் இழுக்க வேண்டியிருந்தது. எத்தனை தடவை செய்தாலும் அப்படியே.

"பாத்தியா? பாதி கனம், ரெண்டு மடங்கு கயிறு. கணக்கு நேராப் போச்சு. அப்போ லாபம் எங்கே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே யோசித்தார். பிறகு, "புரியுது, தவணை மாதிரி" என்றார். "பத்தாயிரத்தை ஒரே நாள்ல கட்டுன்னா நம்மால முடியாது. மாசம் ஆயிரமா பத்து மாசம் கட்டுன்னா முடியும். கட்டற பணம் கொறையல. நம்ம கைக்கு அடங்குது."

"வட்டி?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அதற்கும் பதில் மேஜை மேலேயே இருந்தது. அந்த இரண்டு விரல் தண்ணீர்தான் வட்டி. ரீலும் கம்பியும் தேய்ந்து இழுக்கின்றனவே, உராய்வு, அதற்குக் கட்டும் வட்டி. எண்ணெய் விட்டால் வட்டி குறையும். முழுவதும் போகாது.

நான் பள்ளியில் படித்ததில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இயந்திரம் நமக்கு எதையும் இனாமாகத் தருவதில்லை. பலத்தைக் குறைத்தால் தூரத்தைக் கூட்டிவிடும். எந்தக் கப்பியை, எந்த நெம்புகோலைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது அக்கா கேட்ட கேள்வியைத்தான்: இது ஒரு சாண் ஏற, நான் எத்தனை சாண் இழுக்க வேண்டும்?

அந்த அக்காவின் கதையை முடித்துவிடுகிறேன். அவர் வீட்டு வாசல் தெருவைவிட ஒன்றரை அடி உயரம். இரவில் வண்டியை வாசலில் ஏற்றி வைத்தாக வேண்டும், தெருவில் விட்டால் காலையில் சாமான் இருக்காது. விடியற்காலை நான்கு மணிக்கு இறக்க வேண்டும். ஏற்ற இரண்டு ஆள், இறக்க இரண்டு ஆள். பக்கத்து வீட்டுக் கதவைத் தினமும் தட்ட வேண்டும். அவர்கள் முகம் சுளிப்பதையும் பார்க்க வேண்டும். மூன்றடிப் பலகை ஒன்று போட்டுப் பார்த்திருக்கிறார், தனியாக முடியவில்லை. "பலகையெல்லாம் வேலைக்காகாது" என்று விட்டுவிட்டார்.

அவரை வைத்தே சாய்தளம் செய்தோம். பொம்மை லாரி ஒன்று, அதில் கல். லாரியில் ஒரு ரப்பர் பேண்ட் கட்டி இழுப்பது. ரப்பர் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு பலம் பிடிக்கிறது என்று அர்த்தம். லாரியை நேராகத் தூக்கினால் ரப்பர் அறுந்துவிடும் போல நீண்டது. இரண்டு செங்கல் உயரத்துக்குக் குட்டைப் பலகை வைத்து இழுத்தால் அதில் பாதி. அதே உயரத்துக்கு நீளப் பலகை வைத்து இழுத்தால் கொஞ்சம்தான் நீண்டது. அக்கா விளக்குமாற்றுக் குச்சியில் மூன்று நீளத்தையும் கோடு போட்டு வைத்துக்கொண்டார். அதுதான் அவர் எடுத்த முதல் குறிப்பு.

பிறகு கணக்கு. சாமானோடு வண்டி 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு மூன்றடிப் பலகை என்றால் நீளம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆகவே பாதி, 30 கிலோவைத் தள்ளுகிற பலம் வேண்டும். ஒன்பது அடிப் பலகை என்றால் ஆறு மடங்கு. 10 கிலோவைத் தள்ளுகிற பலம் போதும். வட்டி தனி. அவர் ஒன்பது அடிப் பலகை இரண்டு வாங்கினார். சக்கரத்துக்கு ஒன்றாகப் போட்டார். பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு செங்கல். இப்போது தனியாகவே ஏற்றுகிறார், தனியாகவே இறக்குகிறார். இறக்கும்போதுதான் கவனம் வேண்டும். வண்டி நம்மை இழுத்துக்கொண்டு போகும். முதல் நாள் அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அதையும் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

வகுப்புக்கும் வருகிறார். கடன் கணக்கை இப்போது அவரே எழுதுகிறார்.

நெம்புகோலைப் பற்றிக் கொஞ்சம். கடப்பாரை, பாக்குவெட்டி, துலா ஏற்றம் எல்லாம் அந்த வகைதான், உங்களுக்குத் தெரியாததில்லை. செய்யும் முறை மட்டும் சொல்கிறேன். ஸ்கேலின் நடுவில், 15 என்று போட்ட இடத்தில், நூல் கட்டித் தொங்க விடுங்கள். நடுவிலிருந்து 12 சென்டிமீட்டரில் ஒரு சோடா மூடி. மறுபக்கம் 4 சென்டிமீட்டரில் ஒரு சோடா மூடி. தூரத்தில் இருக்கும் மூடியில் ஒரு ரூபாய்க் காசு ஒன்று, கிட்டத்தில் இருக்கும் மூடியில் மூன்று. பன்னிரண்டு ஒருதரம் பன்னிரண்டு, நான்கு மூன்றுதரம் பன்னிரண்டு. சமமாக நிற்க வேண்டும்.

நாங்கள் செய்தபோது நிற்கவில்லை! தூரத்துப் பக்கம் தாழ்ந்தது. நான் விழித்தேன். காய்கறி விற்கும் ஒரு அம்மாதான் கண்டுபிடித்தார்: "மூடிக்கும் எடை இருக்குல்ல? வெறும் மூடியை முதல்ல சமமா நிறுத்து, அப்புறம் காசு போடு." கிட்டத்துப் பக்கத்தில் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, வெறும் மூடிகளை முதலில் சமமாக நிறுத்தினோம். பிறகு காசு போட்டோம். அசையாமல் நின்றது. தராசு பிடித்த கைக்கு அது தெரியும்.

இப்போது இந்தப் பெரிய பொம்மை. இது என்ன என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் கண் விழித்த எவருக்கும் கேட்கத் தேவையில்லை.

சுரங்கத்தின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரம். உச்சியில் பெரிய சக்கரம். நாம் தினமும் பார்க்கிறோம், துருப்பிடித்து நிற்கிறது. 1880களில் வெள்ளைக்காரக் கம்பெனி இங்கே வெட்ட ஆரம்பித்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர்கள் வந்தார்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஊர்களில் வீட்டுக்கு விளக்கு வராத காலம் அது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டது. எனக்கு நினைவு தெரியும் முன்பே முடிந்துவிட்டது. என் தாத்தாவும் உள்ளே போனவர்தான். அந்தச் சக்கரம் எதைத் தூக்கியது, எப்படித் தூக்கியது என்று நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற வயது எனக்கு வரும்போது அவர் இல்லை.

வாசற்படித் தாத்தா இருந்தார். சுரங்கம் மூடும்போது அவருக்கு 24 வருட வேலை. கூண்டுக்கு மணி அடித்துச் சைகை கொடுப்பது அவர் பொறுப்பு. ஆள் ஏறினால் ஒரு மணி, பாறை ஏறினால் வேறு மணி. எழுத்துத் தெரியாது, ஆனால் அந்த மணிக் கணக்கில் ஒன்று தப்பினாலும் உயிர் போகும் என்று தெரிந்தவர். "ராட்டினம் செஞ்சீங்க, சரி. நம்ம ராட்டினத்தைச் செய்யலியா?" என்று அவரே கேட்டார். உள்ளேயும் வந்து உட்கார்ந்தார்.

ஊதுபத்திக் குச்சிகளைக் கட்டிக் கோபுரம். உச்சியில் ரீல். தரையில் மஞ்சள் தூள் டப்பா ஒன்று, கயிறு சுற்றும் உருளையாக. அதற்கு சைக்கிள் கம்பியில் கைப்பிடி. தீப்பெட்டிக்குள் களிமண் வைத்துக் கூண்டு. முதலில் ஒரு கூண்டோடு செய்தோம். கைப்பிடியைச் சுற்ற விரல் வலித்தது. கையை விட்டால் கூண்டு தடாலென்று விழுந்தது.

"ஒத்தைக் கூண்டா இருந்தா அப்படித்தான். இன்னொண்ணைக் கட்டு" என்றார் தாத்தா. உச்சியில் இன்னொரு ரீல். இரண்டாவது கயிற்றை அதே உருளையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொன்னார். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இப்போது இதோ பாருங்கள், சுண்டு விரலால் சுற்றுகிறேன். இறங்குகிற கூண்டு ஏறுகிற கூண்டைத் தூக்கிவிடுகிறது. ஒரு கூண்டில் ஐந்து காசு போட்டால், அந்த ஐந்து காசை மட்டும் தூக்கினால் போதும். கூண்டின் எடையை இன்ஜின் தூக்குவதே இல்லை. கயிற்றின் கதை வேறு என்றார். ஆழம் போகப் போக இரும்புக் கயிற்றின் கனமே டன் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் அடிவரைக்கும் ஒரே இழுப்பில் போகாமல், நடுவில் இறங்கி வேறு கூண்டு மாறிப் போவார்களாம். அதைச் சொல்லும்போது பிள்ளைகள் அவரைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். மணி அடிக்கும் விதத்தையும் மேஜையில் தட்டிக் காட்டினார்.

பொம்மையைப் பார்க்க வேறு லைன்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான் பகுதிகளின் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். கூண்டு, கயிறு, கப்பி, உருளை. அவசரத்தில் கப்பி என்ற சீட்டை உருளையிலும், உருளை என்ற சீட்டைக் கப்பியிலும் ஒட்டிவிட்டேன். வந்த ஒரு பையன் கை வைத்து வைத்துப் படித்தான். தாத்தா விளக்கம் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றார். பையன் படித்ததும் அவர் முகம் மாறியது. காலையிலிருந்து அந்தச் சீட்டுகளோடுதான் அவர் நின்றுகொண்டிருந்தார். தப்பு என்று அவருக்குத் தெரிய, ஒரு சின்னப் பையன் படிக்க வேண்டியிருந்தது.

அன்று இரவு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகாமல் நின்றார். "அந்த நாலு பேரை மட்டும் எழுதச் சொல்லிக் குடும்மா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நான்கும் எழுத அவருக்கு ஐந்து வாரம் ஆனது. 'ண்டு' வர ரொம்ப நாள் பிடித்தது. கை நடுங்கும். இதோ, இந்தப் பொம்மையில் இப்போது ஒட்டியிருக்கும் சீட்டுகள் அவர் எழுதினவை. எழுத்துக் கோணலாக இருக்கும். ஒட்டிய இடம் சரி.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மையத்தில் இரண்டு பையன்கள் உடனே மரக்கிளையில் நகரும் கப்பி கட்டி, தம்பியை உட்கார வைத்துத் தூக்கப் போனார்கள். தாத்தா ஓடிப் போய் நிறுத்தினார். பாட்டிலைத் தாங்குகிற கயிறு ஆளைத் தாங்காது. பாட்டில், காசு, பொம்மை லாரி, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே கட்டினது அறுந்தால் விழும் இடத்தில் தலையை நீட்டாதீர்கள்.

நான் பேசியது போதும். ரீல் ஆளுக்கு இரண்டு இருக்கிறது, கயிறு இருக்கிறது, பாட்டில் எட்டு இருக்கிறது. நான்கு நான்கு பேராக உட்காருங்கள். நான் சொன்னதை நம்ப வேண்டாம். சாணால் அளந்து பாருங்கள். எனக்குப் பாதி என்று வந்தது உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று பலகையில் எழுதுவோம். முதலில் யார் வருகிறீர்கள்? பழைய சாமான் பாட்டி, நீங்க வாங்க. இந்தக் கயிற்றைப் பிடியுங்க.